சரக்கு சுத்தம், சீட்டு மட்டும் பின்கட்டில்: தேசியப் புள்ளியியல் அலுவலகத் தளங்கள், ஒரு வாடிக்கையாளரின் ரிவ்யூ

மிக்சிக்கும் பிரியாணிக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், அரசாங்கப் புள்ளிவிவரத்துக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதுவும் ஒரு கடைதானே, நம் வரிப்பணத்தில் ஓடுகிற கடை, கல்லாவில் காசு வாங்குவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான்கு வருடமாக மாதம் இரண்டு முறையாவது அங்கே போய் வேண்டியதை அள்ளிக்கொண்டு வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். மூன்றரை நட்சத்திரம். நாலு ஏன் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளாதாரம் படித்தவனில்லை, பி.காம். தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றுகிற பெண்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சின்ன அமைப்பில் கணக்கு எழுதுவதும், நிதிக்கு விண்ணப்பம் போடுவதும் என் வேலை. விண்ணப்பப் படிவத்தில் எப்போதும் ஒரு கட்டம் இருக்கும்: உங்கள் மாவட்டத்தில் இந்தத் தொழிலில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், ஆதாரம் என்ன? ஆலங்குளத்திலோ பாவூர்சத்திரத்திலோ ஒரு தெருவில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை மடியில் பீடித்தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். கண்ணால் பார்த்ததை ஆதாரம் என்று எழுத முடியாதே. அந்த ஒரு கட்டத்தை நிரப்பப் போய்த்தான் இந்தக் கடைக்குள் நுழைந்தேன்.

எந்தச் சரக்கு எந்தக் கடையில் என்று பிடிபடவே எனக்கு ஆறு மாதம் ஆனது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிற தலைமைப் பதிவாளரிடம் இருக்கிறது. மொத்த விலைக் குறியீடு தொழில், வணிகத் துறையின் பொருளாதார ஆலோசகர் அலுவலகத்தில். பஞ்சப்படி கணக்குப் போட எடுக்கிற தொழிலாளர் விலைக் குறியீடு லேபர் பீரோவில். தேசியக் குடும்ப நல ஆய்வு சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு, அதை நடத்துவது மும்பையில் உள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். இது போக மிச்சம், அதாவது சில்லறை விலை, ஜிடிபி, தொழில் உற்பத்தி, வேலைவாய்ப்பு, குடும்பச் செலவு எல்லாம் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்திடம், அதன் தேசியப் புள்ளியியல் அலுவலகத்திடம். 2019-இல் இரண்டு பழைய அமைப்புகளைச் சேர்த்து இந்த அலுவலகத்தை உண்டாக்கினார்கள். அதில் ஒன்று 1950-இல் புள்ளியியல் மேதை மகாலனோபிஸ் முயற்சியில் தொடங்கிய மாதிரி ஆய்வு அமைப்பு. மாதிரி ஆய்வு என்றால் வீடு வீடாக எல்லோரையும் கேட்காமல், கணக்குப்படி பொறுக்கியெடுத்த வீடுகளை மட்டும் கேட்பது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதை நாடு தழுவிச் செய்கிற சமாச்சாரம்.

துறைகள் தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்பது வாடிக்கையாளருக்கு எதற்கு? பருப்பு வாங்கப் போனவனிடம் அது எந்தப் பங்காளி பாகத்தில் விழுந்தது என்று விளக்கத் தேவையில்லை. ஒரே வாசல், உள்ளே வழிகாட்டப் பலகை, அது போதும்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 29, மகாலனோபிஸ் பிறந்த நாள், அதைத்தான் புள்ளியியல் தினம் என்று கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு இ-சாங்கியிகி என்று ஒரு தளம் திறந்தார்கள். பெயரைக் கேட்டதும் ஏதோ சடங்கு, சாங்கியம் என்றுதான் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தோம், புள்ளியியலுக்கு வடமொழிப் பெயராம். பெயர் கிடக்கட்டும், தளம் உருப்படியானது. அதற்கு முன்னால் ஒரு விலைக் குறியீட்டைப் பத்து வருடத்துக்குப் பார்க்க வேண்டுமென்றால் மாதாமாதம் வந்த பிடிஎஃப் அறிக்கைகளைத் திறந்து கையால் எக்செலில் அடித்தவர்கள் நாங்கள். இப்போது குறியீடு, மாநிலம், வருடம் தேர்ந்தெடுத்தால் நேராக எக்செலாகவே இறங்குகிறது, நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, நிரலே நேராகத் தரவை எடுத்துக்கொள்கிற ஏபிஐ-யும் உண்டு. இதற்கே ஒரு நட்சத்திரம் தனியாகக் கொடுத்துவிட்டேன்.

வெளியில் யாரும் பெரிதாகப் பேசாத இன்னொரு மாற்றம், நேரம். சில்லறை விலைக் குறியீடு முன்பெல்லாம் மாதம் 12-ஆம் தேதி மாலை ஐந்தரைக்கு வரும். 2024 கடைசியில் அதை நான்கு மணிக்கு மாற்றினார்கள். பங்குச் சந்தை மூன்றரைக்கு மூடிவிடுகிறது, அதற்கப்புறம் எண் வந்தால் சந்தையும் பதறாது, படித்துப் பார்த்து எழுதுகிறவர்களுக்கும் பகல் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் வாங்குகிறவன் கண்ணோடு யோசித்தால்தான் இப்படி ஒன்று தோன்றும். எந்தத் தேதியில் எது வரும் என்ற முன்கூட்டிய அட்டவணையும் போடுகிறார்கள். வேலைவாய்ப்புக் கணக்கு, பிஎல்எஃப்எஸ் என்பார்கள், முன்பு நகரத்துக்குக் காலாண்டுக்கு ஒன்று, கிராமமும் சேர்த்து வருடத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்தது. 2025-லிருந்து மாதாமாதம் வருகிறது, முதல் மாத அறிக்கை அந்த மே 15-இல் வந்தது. ஆக, சரக்கு வேகமாகவும் நேரத்துக்கும் வருகிறது.

நான் வந்தது வேறு சரக்குக்கு. பீடி சுற்றும் பெண்கள் எத்தனை என்பதற்கு அச்சடித்த அட்டவணை போதாது, ஒவ்வொரு வீட்டின் பதிலும் பெயரும் முகவரியும் நீக்கி வரிசை வரிசையாக இருக்கிற மூலக் கோப்பு வேண்டும். யூனிட் லெவல் டேட்டா என்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் காசு கட்டிக் குறுந்தகட்டில் வாங்கிய பொருள் இது, இப்போது பதிவு செய்துகொண்டால் இலவசம். உலகத்தில் பல நாடுகள் இதை ஆராய்ச்சியாளர்களுக்குக்கூடப் பூட்டிய அறையில் வைத்துத்தான் காட்டுகின்றன, இங்கே தென்காசியில் ஒரு பி.காம். காரன் வீட்டிலிருந்தே இறக்கலாம். அந்தத் தாராளத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இறக்கிய பிறகுதான் கூத்து. நான் முதலில் எடுத்த பிஎல்எஃப்எஸ் கோப்பைத் திறந்தால் எண்கள், எண்கள், எண்கள், இடைவெளிகூடக் கிடையாது. ஐந்தாவது எழுத்திலிருந்து எட்டாவது எழுத்து வரை என்ன, ஒன்பதாவதிலிருந்து என்ன என்று சொல்கிற லேஅவுட் தனியாக ஓர் எக்செலில். தமிழ்நாட்டுக்கு 33 என்று தெரிந்தது, நிம்மதியாக இருந்தது. அப்புறம் கடைசியில் மல்டிப்ளையர் என்று ஒரு நெடுவரிசை. கேட்ட ஒவ்வொரு வீடும் கேட்காத எத்தனை வீட்டுக்குப் பதிலாக நிற்கிறது என்று சொல்கிற எண் அது. அதை அப்படியே கூட்டினேன். தமிழ்நாட்டின் மக்கள்தொகை பல நூறு கோடி என்று வந்தது. சீனாவையும் நம்மையும் சேர்த்தாலும் அவ்வளவு தேறாது, ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

விஷயம் என்னவென்றால், அந்தப் பழைய கோப்புகளில் அந்த எண்ணை நூறால் வகுக்க வேண்டும், என்எஸ்எஸ், என்எஸ்சி என்று இரண்டு நெடுவரிசைகள் ஒன்றாக இருந்தால். ஒன்றாக இல்லாவிட்டால் இருநூறால் வகுக்க வேண்டும். வருடக் கணக்கு வேண்டுமென்றால் காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். இதெல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் புகார், கோப்போடு வருகிற வேறொரு கோப்பின் உள்ளே. மருந்துப் பாட்டிலில் எத்தனை மில்லி என்று ஒட்டாமல், தனியாக ஒரு புத்தகத்தில் போட்டுவிட்டு, அதையும் அலமாரியின் அடுத்த தட்டில் வைத்த மாதிரி. ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது பழக்கம், கைடு சொல்லிக் கொடுத்துவிடுவார், சீனியர் ஸ்டேட்டா என்ற மென்பொருளில் எழுதிய நிரல் கைமாறிக் கைமாறி வரும். சீனியர் இல்லாதவன் என்ன செய்வான்? எடையை, அதாவது அந்த மல்டிப்ளையரை, வகுத்து முடித்த நெடுவரிசையைக் கோப்பிலேயே வைத்துவிடலாம். இறக்கியதும் ஓட்டிப் பார்க்க ஆர் மொழியிலோ பைதானிலோ ஒரு பத்து வரி நிரல், கூடவே 'இதை ஓட்டினால் இந்த விடை வரவேண்டும், வராவிட்டால் எங்கேயோ தப்பு' என்று அவர்கள் அறிக்கையிலிருந்தே ஓர் எண். இவ்வளவுதான் நான் கேட்பது. 2025-இல் இந்த மூலக் கோப்புகள் கிடைக்கிற மைக்ரோடேட்டா தளத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள், தேடுவது இப்போது எவ்வளவோ எளிது. வாசலுக்கு வெள்ளையடித்த வேகத்தில் டப்பாக்களுக்கும் சீட்டு ஒட்டிவிடலாம்.

ஒருவழியாகப் பெருக்கி, வகுத்து, பீடிக்கு வந்தேன். தொழில்களுக்கு ஐந்து இலக்கக் குறியீடு உண்டு, பீடிக்கு 12002. வடிகட்டினால் அந்தப் பெண்களில் ஆள் ஆளாகச் சுயதொழில் செய்பவர் என்று பதிவாகியிருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஊரில் பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, வீட்டில் சுற்றி, கட்டு கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்து, வாரம் கூலி வாங்குகிறவர் முதலாளியா? கம்பெனி அட்டை இருக்கிறவர்களுக்குப் பி.எஃப். பிடிக்கிறார்கள், அவர்களுமா? விஷயம் தெரிந்த ஒருவர் பிறகு விளக்கினார்: மாதிரி ஆய்வின் இலக்கணப்படி, பொருளை வெளியே கொடுத்து வீட்டில் வைத்துச் செய்து வாங்குகிற முறையில் வேலை பார்க்கிறவர்கள் சுயதொழில் பட்டியலில்தான் வருவார்கள், எங்கே எப்போது எப்படிச் செய்வது என்பது அவர்கள் கையில் இருக்கிறது என்ற கணக்கில். இலக்கணம் இலக்கணம்தான், அதை நான் மாற்றச் சொல்லவில்லை, பழைய வருடங்களோடு ஒப்பிட வேண்டுமே. ஆனால் 'இந்தியாவில் பெண்களிடையே சுயதொழில் பெருகுகிறது' என்று ஒரு தலைப்பைப் படிக்கிறபோதெல்லாம் அதற்குள் எத்தனை பீடித்தட்டு இருக்கிறதோ என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. அட்டவணையில் 'சுயதொழில்' என்று எழுதியிருக்கிற இடத்தில் விரலை வைத்தால் இந்த விளக்கம் தமிழில் மூன்று வரியில் எழும்பி வந்தால் எவ்வளவு சண்டை மிச்சமாகும்.

அப்புறம் மாவட்டம். 2023-24 பிஎல்எஃப்எஸ்ஸில் நாடு முழுக்கக் கேட்ட வீடுகள் 1,01,957. மாவட்டங்களோ 750-க்கும் மேல். சராசரி போட்டால் மாவட்டத்துக்கு 130, 140 வீடு தேறும். அதில் பீடி சுற்றும் பெண் இருக்கிற வீடு எத்தனை வரும்? என் திரையில் வந்ததைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். அதை வைத்து 'தென்காசியில் இத்தனை ஆயிரம்' என்று பெருக்கி எழுதுவது பொய் சொல்வதற்குச் சமம், ஆனால் கணினி தடுக்கவில்லையே, கேட்டால் ஏழு இலக்கத்தில் எண் கொடுக்கும், தசமப் புள்ளியோடு. தவறு எவ்வளவு இருக்கலாம் என்ற கணக்கை ஆண்டறிக்கையில் போடுகிறார்கள், அறிக்கையின் வாலில், பின்னிணைப்பில். வாலில் எச்சரிக்கை போட்டால் யார் படிப்பார்கள்? தளத்திலேயே, எண்ணுக்குப் பக்கத்திலேயே, 'இது உறுதியான எண்', 'இதைப் பார்த்துப் பயன்படுத்துங்கள்', 'இதை வைத்து எழுதாதீர்கள்' என்று மூன்று நிறத்தில் காட்டினால் போதும். சிக்னல் விளக்கு மாதிரி.

நியாயமாகச் சொன்னால் இங்கேயும் நகர்ந்திருக்கிறார்கள். 2025-லிருந்து வீடுகளின் எண்ணிக்கையை 2,72,304 ஆக்கியிருக்கிறார்கள், மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கிறார்கள். அதற்குமுன் தமிழ்நாட்டை வட கடலோரம், கடலோரம், தெற்கு, உள்நாடு என்று நான்காகப் பிரித்து வைத்திருந்த ஆய்வு அது. ஆலங்குளத்துக்கும் அதே தென் வட்டாரத்தில் எங்கோ இருக்கிற இன்னோர் ஊருக்கும் ஒரே சட்டை தைத்த மாதிரிதான் இருந்தது. இனிமேல் கொஞ்சம் அளவெடுத்துத் தைப்பார்கள் என்று நம்பலாம்.

மாவட்டம் என்றதும் இன்னொன்று. தென்காசி மாவட்டமே 2019-இல் பிறந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம், இப்போது 38. கள்ளக்குறிச்சிக்காரருக்கும் ராணிப்பேட்டைக்காரருக்கும் மயிலாடுதுறைக்காரருக்கும் இதே பாடுதான், பழைய தாலுகாக்களைப் பொறுக்கிக் கூட்டி, நடுவில் தாலுகாவே உடைந்திருந்தால் கிராமம் கிராமமாக இறங்கி, தங்கள் மாவட்டத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நானும் செய்தேன், மூன்று இரவு. எனக்கு முன்னால் இதையே செய்தவர் எத்தனை பேர், அவர்களின் கூட்டுத்தொகையும் என்னுடையதும் ஒன்றாக இருக்குமா? பழைய மாவட்டம், புதிய மாவட்டம் இரண்டுக்கும் பாலம் போடுகிற ஒரு பட்டியலை அலுவலகமே போட்டால் நாட்டில் எத்தனையோ பேரின் மூன்று இரவு மிச்சம். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளித் தள்ளிப் போய், 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். அது முடிந்து தாலுகா வாரியாகக் கைக்கு வரும்வரை 2011-ஐத்தான் கழுவிக் கழுவிக் குடிக்க வேண்டும்.

ஒரே வருடத்துக்கு இரண்டு வேலையில்லா விகிதம் இருப்பது தெரியுமா? 2023-24-க்கு 3.2 சதவீதம் என்பது உண்மை, 4.9 சதவீதம் என்பதும் உண்மை. முதலாவது ஒரு வருடம் முழுக்கப் பெரும்பாலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டு, உபதொழிலையும் சேர்த்துப் போட்ட கணக்கு. இரண்டாவது போன ஏழு நாளில் என்ன செய்தீர்கள் என்பது. இப்போது மாதாமாதம் வருவது இந்த ஏழு நாள் கணக்கு, 2025 ஏப்ரலுக்கு 5.1. ஆளுங்கட்சிக்காரர் ஒன்றை எடுத்துக்கொள்கிறார், எதிர்க்கட்சிக்காரர் இன்னொன்றை, டிவியில் இரண்டு பேரும் மற்றவர் பொய் சொல்கிறார் என்று கத்துகிறார்கள். இந்தச் சத்தத்தில் பாதிக்குக் காரணம் எண்ணோடு அதன் விளக்கமும் சேர்ந்து பயணம் போகாததுதான். செய்திக்குறிப்பில் அடிக்குறிப்பாக இருப்பது தலைப்பிலேயே இருக்க வேண்டும்.

குடும்பச் செலவு ஆய்வில் இதைக் கொஞ்சம் நன்றாகவே செய்தார்கள் என்பேன். 2023-24-க்கு ஒருவருக்கு மாதச் செலவு கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996. கூடவே அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பொருள்களுக்கு விலை போட்டுச் சேர்த்தால் 4,247, 7,078 என்று இரண்டாவது எண்ணையும் பக்கத்திலேயே வைத்தார்கள். ரேஷன் அரிசி, சைக்கிள், லேப்டாப், பள்ளிச் சீருடை என்று அந்த இலவசப் பட்டியலைப் படித்தால் நம் ஊர் வீட்டு முற்றத்தைப் பார்த்த மாதிரியே இருக்கும். எது வேண்டுமோ எடுத்துக்கொள், இரண்டுக்கும் வித்தியாசம் இது என்று சொல்லிக் கொடுப்பதுதான் மரியாதை.

ஆனால் அதே ஆய்வின் முந்தைய கதைக்குத்தான் நான் அரை நட்சத்திரம் பிடித்தது. 2017-18-இல் ஒரு குடும்பச் செலவு ஆய்வு எடுத்தார்கள். 2019 நவம்பரில், தரத்தில் குறை இருக்கிறது, வெளியிடப் போவதில்லை என்று அமைச்சகம் அறிவித்தது. அறிக்கை வேண்டாம் என்றால் விடு, மூலக் கோப்பையாவது 'தரம் சரியில்லை, இன்ன இன்ன காரணம்' என்று ஒட்டி வெளியில் வைத்திருந்தால் படித்தவர்கள் பிரித்துப் பார்த்திருப்பார்கள். வைக்கவில்லை. விளைவு, 2011-12-க்கு அடுத்து 2022-23 வரை நமக்குச் செலவுக் கணக்கே கிடையாது. சில்லறை விலைக் குறியீட்டின் கூடையில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்பதை அந்த ஆய்வை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள், ஆகவே பழைய கூடையே ஓடியது. குதிரை வண்டிக் கட்டணமும் கேசட்டும் இருந்த கூடை. சாப்பாட்டுக்கு அதில் 45.86 சதவீத எடை. 2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படையாக வைத்துப் புதிய குறியீடு வந்தபோது அது 37-க்குக் கீழே இறங்கியது. இடைப்பட்ட வருடங்களில் வெங்காயம் விலை ஏறினால் பணவீக்கம் எகிறியதில் பழைய எடைக்கும் பங்கு உண்டு.

அதே 2019 ஜனவரியில், வேலைவாய்ப்பு அறிக்கையைத் தாங்கள் ஒப்புதல் கொடுத்தும் வெளியிடவில்லை என்று, அரசுப் புள்ளிவிவரத்தை மேற்பார்வை பார்க்கிற தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள். அறிக்கை மே 31-இல் வந்தது, தேர்தல் முடிவு வந்து ஒரு வாரம் கழித்து, வேலையில்லா விகிதம் 6.1 சதவீதம் என்று. அந்த ஆணையமே அரியலூரில் பிறந்த ரிசர்வ் வங்கி முன்னாள் கவர்னர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2001-இல் பரிந்துரைத்து 2006-இல் வந்தது. சட்டம் போட்டு உண்டாக்கவில்லை, அரசுத் தீர்மானத்தோடு நிற்கிறது. வாடிக்கையாளருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கடைக்காரர் ஒரு தடவை சரக்கை ஒளித்துவிட்டார் என்று தெரிந்தால், பிறகு அலமாரி நிறைய அடுக்கினாலும் 'உள்ளே என்ன இருக்கிறதோ' என்றுதான் மனசு கேட்கும். அட்டவணையில் போட்ட தேதிக்கு, எண் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், வெளியே வைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய சேவை. மற்றதெல்லாம் அப்புறம்.

சந்தேகம் கேட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் வாடகைக் கணக்கு திடீரென்று ஏறியது. ஏன் என்று ஆளாளுக்குக் கேட்க, அங்கே தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் ஊழியர் ஒருவர் 'சூப்பர் யூசர்ஸ்' என்று விளித்து ஒரு சிலருக்கு மட்டும் விளக்கம் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். ஊரே கேட்டது, நாங்கள் என்ன சாதா யூசர்களா என்று. அதே வருடம் ஆகஸ்ட் 21, வேலை எண்ணிக்கையில் 8,18,000-ஐக் குறைக்கிற திருத்தம் காலை பத்து மணிக்கு வரவேண்டியது, அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம். அதற்குள் போன் போட்டுக் கேட்ட சில நிதி நிறுவனங்களுக்கு எண் கிடைத்துவிட்டது. பதில் சொன்னது நல்லெண்ணம்தான், ஆனால் ஒருவர் காதில் சொன்னது எல்லோருக்கும் சொல்லாததாகிவிட்டது. நம் அலுவலகமும் தரவுப் பயனாளர் மாநாடு என்று நடத்துகிறது, புதிய குறியீடு வருமுன் விவாதக் கட்டுரை போட்டுக் கருத்தும் கேட்டது, ரேஷனில் இலவசமாகக் கொடுப்பதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்றுகூட. நல்லது. ஆனால் மாநாட்டுக்குப் போகிறவர் பேராசிரியர், வங்கிக்காரர். யாரோ ஒருவர் மின்னஞ்சலில் கேட்ட கேள்வியையும் அதற்குக் கொடுத்த பதிலையும் பெயரை எடுத்துவிட்டு அந்தத் தரவின் பக்கத்திலேயே தொங்கவிட்டால், அடுத்த முறை அதே கேள்வி வராது. இருநூறால் வகுக்கிற கதை உட்பட.

இந்தச் சீட்டு ஒட்டாத குறையில் யார் பிழைக்கிறார்கள் என்றும் பார்த்துவிட்டேன். பெயர் வேண்டாம், ஒரு தனியார் நிறுவனம் இதே இலவசக் கோப்பைச் சுத்தம் செய்து, நெடுவரிசைக்குப் பெயர் வைத்து, ஆயிரக்கணக்கில் விலை சொன்னது. ஒரு தடவை வாங்கினோம். அதிலும் எடை தப்பு, நானே கண்டுபிடித்துச் சொன்னேன், பணம் திரும்பவில்லை. இன்னொரு பக்கம், ஒரு மாவட்ட அலுவலகத்தில் புள்ளிவிவரக் கையேடு கேட்கப் போனால், 'ஒரே காப்பிதான் சார், போன்ல படம் எடுத்துக்கோங்க' என்றார்கள். எடுத்தேன், பாதி பக்கம் மங்கல்.

மொழியைப் பற்றி நீட்டவில்லை. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டேப்லெட்டோடு தமிழில் கேட்டு வாங்குகிறார்கள், அறிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. முழு அறிக்கை வேண்டாம், தமிழ்நாட்டுக்கு என்ன வந்தது என்று நான்கு பக்கம் தமிழில் போதும்.

கடைசியில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினேன்? மாநில அளவில் சதவீதத்தை மட்டும் எடுத்து எழுதினேன். மாவட்டத்துக்கு நம்பகமான எண் இல்லை என்றும், எங்கள் வகுப்பு நடக்கிற தெருக்களில் நாங்களே எண்ணினோம் என்றும் சேர்த்தேன். உண்மையாகவே எண்ணினோம், நானும் வகுப்பெடுக்கிற அக்காவும், ஒரு நோட்டோடு, இரண்டு ஞாயிறு. மூன்றாவது வீட்டிலேயே அக்கா நின்றுவிட்டார். "தம்பி, இந்த மதினி காலைல நூறு நாள் வேலைக்குப் போவாங்க, சாயங்காலம் பீடி, அறுப்பு நேரத்துல வயலுக்கும் போவாங்க. இவங்கள எதுல போட?" எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தளத்தைத் துழாவினால், வீடு வீடாகப் போகிற களப்பணியாளர்களுக்கு எழுதிய வழிகாட்டுக் கையேடு கிடைத்தது. அதில் இதே கேள்விக்கு விடை: வருடத்தில் எதில் அதிக நாள் போனதோ அது முதன்மை, முப்பது நாளாவது செய்த வேறொன்று உபதொழில். இப்படித் தண்ணீர் எடுப்பதிலிருந்து சொந்த மாட்டுக்குப் புல் அறுப்பது வரை, எதை எங்கே எழுதுவது என்று பக்கம் பக்கமாக உதாரணத்தோடு. அந்தத் தளத்தில் நான் பார்த்த மிகத் தெளிவான எழுத்து அதுதான், என்னைப் போன்றவனுக்கு எழுதியது இல்லை என்றாலும். புதிதாக உள்ளே போகிறவர்கள் தரவைத் தொடுமுன் அதை இறக்குங்கள், முதல் தொகுதி போதும். அதற்கு மட்டும் ஐந்து நட்சத்திரம்.